குடிநோய்: எண்கள் சொல்வதும் மறைப்பதும்

தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களில் 25.4 சதவீதத்தினர் மது அருந்துகின்றனர், பெண்களில் 0.3 சதவீதத்தினர் அருந்துகின்றனர். 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தரும் கணக்கு இது. இந்திய அளவில் இதே எண்கள் 18.8, 1.3. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு உடனே தோன்றக்கூடிய முடிவு ஒன்றுதான்: மது ஆண்களின் சிக்கல், பெண்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

இந்த முடிவுக்கு முரணான ஒரு கூச்சலும் அவ்வப்போது எழுவதுண்டு. மதுக்கடை வரிசையில் ஒரு பெண் நிற்கும் காணொளி கைப்பேசிகளில் பரவினால் போதும். காலம் கெட்டுவிட்டது, பண்பாடு அழிந்துவிட்டது என்று ஒரு வாரத்துக்குப் பேச்சு நடக்கும். அதே வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் நின்ற ஆண்களைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

முதல் பார்வை எண்களை நம்பிப் பெண்களை மறக்கிறது. இரண்டாவது பார்வை ஒழுக்கத்தைப் பேசி நோயை மறக்கிறது. என் வாதம் எளியது. ஆண் குடித்தால் வழக்கம், பெண் குடித்தால் வெட்கம் என்று நாம் பழக்கிவைத்திருக்கும் இரட்டை அளவுகோல்தான் இருவரையும் மருத்துவரிடமிருந்து தள்ளிவைக்கிறது. வழக்கம் என்பதால் ஆண் தன்னை நோயாளியாகக் கருதுவதில்லை. வெட்கம் என்பதால் பெண் தன் நோயை வெளியே சொல்வதில்லை. இருவரும் மருத்துவமனைக்கு வந்து சேரும்போது காலம் கடந்துவிடுகிறது.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பதைவிட எப்படிக் குடிக்கிறார்கள் என்பது முக்கியமான கேள்வி. மருத்துவ ஆய்வுகள் மதுவை அதில் அடங்கிய தூய ஆல்கஹாலின் எடையைக் கொண்டு அளக்கின்றன. இந்தியாவில் விற்கப்படும் பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால் உண்டு. 30 மில்லி ஊற்றினால் அதில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் இருக்கும். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் இருக்கும்.

ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ அருந்துவதை அளவு மீறிய குடி என்று உலக சுகாதார நிறுவனம் தனியாக வகைப்படுத்துகிறது. விபத்து, காயம், வன்முறை ஆகியவற்றோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்ட பழக்கம் அது. அதாவது, நம் கடைகளில் மிக எளிதாகக் கிடைக்கும் சிறிய புட்டியை ஒருவர் ஒரே அமர்வில் காலி செய்தால், உலக அளவுகோலின் அபாயக் கோட்டை அவர் தொட்டுவிடுகிறார். 'ஒரு குவார்ட்டர்தானே' என்று சொல்லும் நம் ஊர்ப் பேச்சில் அந்தத் 'தானே' என்ற சொல் மறைப்பது இந்தக் கணக்கைத்தான்.

பீர் மதுவே அல்ல என்ற நம்பிக்கையும் இப்படிப்பட்டதுதான். 8 சதவீத ஆல்கஹால் கொண்ட 650 மில்லி பீர் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நான்கு முறை 30 மில்லி பிராந்தி ஊற்றிக் குடிப்பதற்கு அது சமம்.

குடிக்கும் முறை இந்த அபாயத்தை இன்னும் கூட்டுகிறது. நாள் முழுவதும் வேலை பார்த்த உடம்போடு, வெறும் வயிற்றில், கடைக்குப் பக்கத்திலேயே நின்றபடி ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டைக் கலந்து சில நிமிடங்களில் முடித்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் நம் தெருக்களில் சாதாரணம். இருவர் பணம் போட்டு ஒரு குவார்ட்டரைப் பங்கிட்டுக்கொள்வதற்குக் 'கட்டிங்' என்று பெயரே உண்டு. 2023இல் 90 மில்லி அளவில் மது விற்பது பற்றி அரசுத் தரப்பில் பேசப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கலாம். சிறிய அளவு குடியைக் குறைக்குமா, புதியவர்களை இழுக்குமா என்று விவாதித்தோம். குடிப்பவருக்குத் தாம் எவ்வளவு குடிக்கிறோம் என்பதே தெரியாது என்ற அடிப்படைச் சிக்கலை அப்போதும் யாரும் பேசவில்லை.

வழக்கம் என்னும் திரை

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் மதுவால் நேர்ந்த மரணங்கள் 26 லட்சம். இவர்களில் ஆண்கள் 20 லட்சம் பேர். பெண்கள் 6 லட்சம் பேர். மதுவால் நேரும் இறப்புகளின் பங்கு 20 முதல் 39 வயது வரையிலானோரிடம்தான் மிக அதிகம் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. முதுமையில் வந்து சேரும் நோய் என்று மதுவின் பாதிப்பை எண்ணுவது பிழை. சம்பாதிக்கும் வயதில், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் காலத்தில் அது ஆளைக் கொண்டுபோகிறது.

மதுவால் வரும் நோய் என்றால் நமக்குக் கல்லீரல் மட்டுமே நினைவுக்கு வருகிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் மது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதனைப் புகையிலை இடம்பெற்றுள்ள அதே முதல் வகையில் 1988ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. மதுவும் புகையிலையும் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோய்களின் அபாயம் பன்மடங்காகிறது. கையில் குவளையும் உதட்டில் பீடியுமாக நிற்கும் மனிதருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். 2019 ஏப்ரல் முதல் மதுப் புட்டிகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அது உடல்நலக் கேடு என்று பொதுவாகச் சொல்கிறதே தவிர, புற்றுநோய் என்ற சொல்லை உச்சரிப்பதில்லை.

குடியை நோயாகப் பார்க்காத சமூகம் அதை நிறுத்துவதையும் மன உறுதியின் சோதனையாகவே பார்க்கிறது. கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும், ஒரு மண்டலம் மாலை போட்டுக்கொண்டு மதுவைத் தொடாமல் இருப்பதும் நாம் அறிந்த வழிகள். இவற்றால் பலர் குடியைக் குறைத்திருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. நம்பிக்கையும் ஊராரின் கண்ணும் தரும் பிடிமானம் சிறியதன்று. ஆனால், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாகக் குடித்து உடலளவில் அடிமையானவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, மனக் குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிதல் என்று அடுத்தடுத்து வரும் விளைவுகளுக்கு மருத்துவக் கண்காணிப்பு தேவை. வலிப்பு வந்தவரைப் பார்த்து, 'குடியை விட்டதால்தான் இப்படி ஆயிற்று' என்று சொல்லி மறுபடியும் ஊற்றிக் கொடுக்கும் வீடுகளும் உண்டு.

2020இல் பொதுமுடக்கம் வந்தபோது இந்த உண்மை வேறு வடிவில் வெளிப்பட்டது. கேரளத்தில் மது கிடைக்காத நிலையில் தற்கொலைகள் நிகழ்ந்தன. மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்கலாம் என்று அம்மாநில அரசு ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. மதுவை மருந்தாகக் கொடுப்பது சரியல்ல என்று மருத்துவர்கள் சொன்னது நியாயமே. அவ்வளவு பேருக்கும் உரிய மருந்தும் படுக்கையும் எங்கே இருந்தன என்பதுதான் விடையற்றுப் போன கேள்வி.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைத் தருகிறது. நாட்டில் மதுவுக்கு அடிமையான நிலையில் இருப்போர் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர். இவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்தார். இப்படி 38 பேரில் 37 பேர் சிகிச்சையின்றித் திரியும் வேறொரு நோயை நாம் பொறுத்துக்கொண்டிருப்போமா?

வெட்கம் என்னும் பூட்டு

இனி அந்த 0.3 சதவீதத்துக்கு வருகிறேன். வீட்டு வாசலில் அமர்ந்து, அறிமுகமில்லாத ஒருவர் கேட்க, மாமியாரோ மகனோ காதில் வாங்கக்கூடிய தொலைவில் இருக்க, 'நீங்கள் மது அருந்துவீர்களா?' என்ற கேள்விக்கு ஒரு பெண் என்ன விடை சொல்வார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆய்வாளர்கள் தனிமையை உறுதிசெய்ய முயன்றாலும் சமூகம் அந்தத் தனிமைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே, 0.3 என்பதைச் சொல்லத் துணிந்தவர்களின் எண்ணிக்கை என்றே நான் வாசிக்கிறேன்.

அருணாசலப் பிரதேசத்தில் இதே ஆய்வில் மது அருந்துவதாகச் சொன்ன பெண்கள் 24.2 சதவீதம், சிக்கிமில் 16.2 சதவீதம். தெலங்கானாவில் 6.7 சதவீதம். அருணாசலத்தில் அரிசியிலும் சிறுதானியத்திலும் வீட்டிலேயே மது காய்ச்சுவது பெண்களின் வேலை. சடங்கிலும் விருந்திலும் அது பரிமாறப்படுகிறது. மறைக்க வேண்டிய செயலாக அது அங்கே கருதப்படுவதில்லை என்பதால் கேட்டவுடன் விடை வருகிறது. இந்திய அளவிலும் மது அருந்தும் பெண்கள் நகரங்களில் 0.6 சதவீதமாகவும் கிராமங்களில் 1.6 சதவீதமாகவும் இருக்கிறார்கள். நகர்ப்புற நாகரிகம்தான் பெண்களைக் குடிக்க வைக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

நம் மரபும் நாம் நினைப்பதுபோல் ஒற்றைக் குரலில் பேசவில்லை. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தார். தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட அதியமானை எண்ணி ஔவையார் இரங்கிப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பண்பாட்டின் பெயரால் பெண்ணை மட்டும் தனியே நிறுத்தி விசாரிப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மதுவை நியாயப்படுத்த இதை நான் சொல்லவில்லை. ஒழுக்கப் பேச்சை விலக்கினால்தான் உடல் பற்றிய பேச்சுக்கு இடம் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உடல் பற்றிய செய்தி கவலை தருவதாகவே இருக்கிறது. ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு மது அருந்தினால், பெண்ணின் ரத்தத்தில் ஆல்கஹாலின் செறிவு கூடுதலாக இருக்கும். பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு. ஆல்கஹாலை இரைப்பையிலேயே ஓரளவு சிதைக்கும் நொதியின் செயல்பாடும் பொதுவாகக் குறைவு. இதனால், ஆணைவிடக் குறைந்த அளவில், குறைந்த ஆண்டுகளில், கல்லீரல் பாதிப்பு பெண்ணுக்கு வந்துவிடுகிறது. குடிக்கத் தொடங்கியதிலிருந்து அதற்கு அடிமையாகும் வரையிலான காலமும் பெண்களுக்குச் சுருங்கிவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

நாளொன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால்கூட மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை உயர்த்துகிறது. இந்தியப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் அதுதான். கர்ப்ப காலத்தில் மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். பிரசவ முன்பரிசோதனைகளில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை என்று எத்தனையோ பார்க்கிறோம். 'இவர் ஏன் குடிக்கப் போகிறார்?' என்ற எண்ணத்தில் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டுவிடுவது எளிது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. இறந்தவர்களில் பெண்களும் இருந்தனர். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கென்று தனி உதவித்தொகையை அரசு அறிவிக்க நேர்ந்தது. அந்த அறிவிப்பு தேசிய ஆய்வின் அட்டவணை சொல்லாத ஒன்றைச் சொன்னது. உழைக்கும் மக்கள் வாழும் தெருக்களில் மது பெண்களுக்கு நாம் எண்ணுவதைவிட அருகில் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு பெண் சிகிச்சைக்கு எங்கே போவார்? போதை மீட்பு மையங்களில் பெரும்பாலானவை ஆண்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு அவர் ஒரு மாதம் உள்நோயாளியாகத் தங்குவார்? செய்தி வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் பார்ப்பது என்னவாகும்? குடிக்கும் கணவனை மனைவி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது நாம் காணும் காட்சி. குடிக்கும் மனைவியைக் கணவன் அழைத்து வருவது அரிது. தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதே நடக்கிறது.

குடிக்காதவர் கொடுக்கும் விலை

எண்கள் மறைக்கும் மூன்றாவது கூட்டம் இருக்கிறது. ஒரு சொட்டும் தொடாமல் மதுவின் பாதிப்பைச் சுமப்பவர்கள் அவர்கள். அதே தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அடிக்கடி போதையேறும் அளவுக்குக் குடிக்கும் கணவர்களைக் கொண்ட பெண்களில் 70 சதவீதத்தினர் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கின்றனர். குடிக்காத கணவர்களைக் கொண்டவர்களில் இது 23 சதவீதம். குடி இல்லாத வீட்டிலும் நான்கில் ஒரு பங்கினருக்கு அடி விழுகிறது என்பதால், வன்முறைக்கு மதுவை மட்டும் காரணமாக்கி ஆணைத் தப்பவிட முடியாது. ஆயினும், 23க்கும் 70க்கும் இடையிலான தொலைவைக் காணாததுபோல் கடந்துவிடவும் முடியாது.

அடுத்தது பணம். சாதாரண ரக மது ஒரு குவார்ட்டர் 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஒன்று வாங்குபவருக்கு மாதம் 4,200 ரூபாய் ஆகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஒரு வீட்டுக்குள் ஒரு கதவு வழியாக ஆயிரம் வருகிறது. இன்னொரு கதவு வழியாக நான்காயிரம் போகிறது. டாஸ்மாக் வழியாக 2023-24இல் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். இந்தத் தொகையில் எவ்வளவு பெண்களின் சமையலறையிலிருந்தும் பிள்ளைகளின் படிப்பிலிருந்தும் வந்தது என்பதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனிப் பத்தி இல்லை.

மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் பெண்கள் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். கடையை மூடச் சொல்லும் குரல் முதலில் ஓங்கி ஒலிக்கும். கூட்டம் முடிந்த பிறகு ஓரிருவர் தயங்கி வந்து தாழ்ந்த குரலில் கேட்பது வேறு: 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மருந்து இருக்கிறதாமே?' விளம்பரங்களைப் பார்த்து அப்படிக் கொடுப்பவர்கள் உண்டு. டைசல்ஃபிராம் போன்ற மருந்தை உட்கொண்டவர் அதை அறியாமல் மது அருந்தினால் வாந்தி, மூச்சுத் திணறல், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்து நேரலாம். நோயாளியின் ஒப்புதலோடு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டிய மருந்து அது. அந்தப் பெண்கள் அறியாமையால் அதைக் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு கதவு இல்லாததால் கேட்கிறார்கள்.

பெண்கள் கைகட்டி நின்றதில்லை என்பதையும் வரலாறு சொல்கிறது. 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்குச் சென்ற பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு மாநிலம் முழுவதும் பரவி, மறு ஆண்டே சாராயத் தடையைக் கொண்டுவந்தது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடைக்கு எதிராகச் சாலையில் அமர்ந்தவர்களில் பெண்கள் முன்வரிசையில் இருந்தனர். காவல் துறை அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணின் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையம், குடியை நோயாகக் கருதிக் குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சையில் அமர்த்தும் முறைக்கு நாட்டின் முன்னோடிகளில் ஒன்றாயிற்று. கடையை எதிர்த்தவர்களும் பெண்கள். சிகிச்சைக்கு வழி காட்டியவரும் ஒரு பெண்.

கடையா, தடையா?

இந்த இரண்டில் முதலாவதை மட்டுமே நம் அரசியல் எடுத்துக்கொண்டது. 1937இல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியதிலிருந்து, 1971இல் அது தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது என்று நம் மதுக் கொள்கையின் வரலாறு முழுவதும் கடைகளின் வரலாறாகவே இருக்கிறது. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. அவற்றின் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அடுத்த கடைக்குப் போனார்கள், எத்தனை பேர் சிகிச்சைக்குப் போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

முழு மதுவிலக்கை ஏளனம் செய்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு நடைமுறையில் உள்ள பிகாரைப் பற்றி 2024இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, அத்தடை நாள்தோறும் அல்லது வாரந்தோறும் குடிப்போரின் எண்ணிக்கையில் 24 லட்சத்தையும், மனைவி மீதான வன்முறை நிகழ்வுகளில் 21 லட்சத்தையும் தவிர்த்திருக்கும் என்று மதிப்பிட்டது. பெண்களுக்கு இது சிறிய ஆதாயம் அன்று.

அதே பிகாரில் தடைக்குப் பிறகும் 15.5 சதவீத ஆண்கள் மது அருந்துவதாகச் சொன்னார்கள். 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் நச்சுச் சாராயம் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தமிழ்நாட்டிலோ ஆயிரக்கணக்கான அரசுக் கடைகள் இருந்த காலத்திலேயே மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் கள்ளக்குறிச்சியிலும் சாவு விழுந்தது. தடை இருந்த இடத்திலும் நச்சுச் சாராயம் வந்தது. கடை இருந்த இடத்திலும் வந்தது. கடையை மூடுவதோ திறப்பதோ ஏற்கெனவே அடிமையாகிவிட்டவருக்குச் சிகிச்சை ஆகாது. மூடும் அரசுக்கும் திறக்கும் அரசுக்கும் அந்தப் பொறுப்பு பொதுவானது.

கேட்க வேண்டிய கேள்வி

என்ன செய்யலாம்? புதிய கட்டடங்களை எழுப்புவதற்கு முன் இருக்கும் அமைப்பைப் பயன்படுத்தலாம் என்பது என் யோசனை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச் செல்கின்றனர். குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அறிய உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. அதன் சுருக்க வடிவத்தில் மூன்றே கேள்விகள். ரத்த அழுத்தம் பார்க்கும்போதே இந்த மூன்று கேள்விகளையும் ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே தொனியில் கேட்டால், குடி ஒரு நோய் என்ற செய்தி எந்தப் பிரசாரமும் இன்றி வீட்டுக்குள் நுழைந்துவிடும். அபாயக் கோட்டை எட்டாதவருக்குச் சில நிமிட ஆலோசனையே பயன் தரும் என்பது பல நாடுகளில் சோதித்து அறியப்பட்டது. கோட்டைத் தாண்டியவரை மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

இரண்டாவது, அரசு மருத்துவமனைகளின் போதை மீட்புப் பிரிவுகளில் பெண்களுக்குத் தனி நேரமும் தனி இடமும், முடிந்தவரை வெளிநோயாளி முறையிலான சிகிச்சையும் வேண்டும். குடிநோய்க்கு இப்போது நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உள்ளன. எல்லோரையும் உள்நோயாளியாக அடைத்துவைக்கத் தேவையில்லை. சிகிச்சைப் பிரிவின் பெயர்ப் பலகையே வெட்கத்தைத் தூண்டாதபடி பொது மருத்துவத்தோடு அது இணைந்திருக்கட்டும்.

மூன்றாவது, புட்டியின் மீது உண்மை எழுதப்பட வேண்டும். அதில் எத்தனை கிராம் ஆல்கஹால் இருக்கிறது, அது புற்றுநோயை உண்டாக்கும் என்ற இரண்டு செய்திகளும் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும். அயர்லாந்து 2023இல் இத்தகைய விதிகளை இயற்றியது. மது நிறுவனங்களின் எதிர்ப்புக்கிடையே அவை நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு எதிர்ப்பு எழுகிறது என்றால் அந்தச் சொல்லின் வலிமையை நாம் புரிந்துகொள்ளலாம்.

நான்காவது, மது வருவாயில் ஒரு நிலையான பங்கைச் சட்டப்படி சிகிச்சைக்கென்று ஒதுக்க வேண்டும். 45,855 கோடியில் நூற்றில் ஒன்று என்றாலும் அது ஆண்டுக்கு 458 கோடி ரூபாய். விற்பவரே அரசாக இருக்கும் மாநிலத்தில், விற்ற பொருளால் வந்த நோய்க்கு மருந்து தருவதைச் சலுகை என்று சொல்ல முடியாது, அது கடன்.

அதுவரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416, பெண்களுக்கான உதவி எண் 181 ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. சாப்பாட்டில் கலக்கும் மருந்தைத் தேடும் ஒரு பெண்ணுக்கு இவற்றில் ஒன்றை எழுதிக் கொடுப்பது நம்மில் எவரும் செய்யக்கூடிய உதவி.

நம் வீடுகளில் ஆண் குடித்துவிட்டு வந்தால், 'இன்றைக்கும் குடித்திருக்கிறாரா?' என்று கேட்கிறோம். பெண் குடித்தால், 'எப்படித் துணிந்தாள்?' என்று கேட்கிறோம். காய்ச்சல் வந்தவரிடம் கேட்பதுபோல் இருவரிடமும், 'எத்தனை நாளாக இருக்கிறது, மருத்துவரிடம் போகலாமா?' என்று கேட்கப் பழகும்போது அந்த 38 பேரில் இரண்டாமவர் சிகிச்சைக்கு வருவார், மூன்றாமவரும் வருவார். அவர்களில் ஒருவர் பெண்ணாகவும் இருப்பார்.